பூட்டிய தரவுத்தளமும் கசியும் கேள்விகளும்

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மருத்துவப் பரிசோதனைக் கூடங்களுக்கான மென்பொருள் ஒன்றை நடத்துகிறோம். நோயாளியின் பெயர், தொலைபேசி எண், பிறந்த தேதி, செய்த பரிசோதனை, அதன் முடிவு எல்லாமே கிளவுடில் உள்ள தரவுத்தளத்தில் சேர்கின்றன. சுமார் இரண்டரை லட்சம் நோயாளிகள். கிளவுட் நிறுவனம் தரும் என்கிரிப்ஷனை, அதாவது மறையாக்கத்தை, ஆன் செய்து வைத்திருக்கிறோம். போன வாரம் ஒரு வாடிக்கையாளர், "கிளவுட் நிறுவனத்தின் ஊழியரோ, தரவுத்தளத்தை உடைத்து நுழைபவரோ எங்கள் நோயாளிகளின் முடிவுகளைப் பார்க்க முடியுமா?" என்று எழுத்தில் கேட்டிருக்கிறார். அதனால் பெயர், எண், முடிவு என்ற எல்லாப் புலங்களையும் எங்கள் நிரலிலேயே மறையாக்கி அனுப்பலாம் என்று நினைக்கிறோம். ஒரே மதிப்புக்கு எப்போதும் ஒரே மறைவடிவம் வரும் முறையில் செய்தால் தேடலும் வேலை செய்கிறது. வயது வாரியாக அறிக்கை எடுக்க, மறைத்த பிறகும் சிறியது பெரியது என்ற வரிசை மாறாத மறையாக்கம் என்று ஒன்று இருப்பதாகப் படித்தோம். இது போதுமா? அவருக்கு என்ன பதில் எழுதுவது?

பதில்: உங்கள் வாடிக்கையாளர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்காமல் உட்கார்ந்து யோசித்திருக்கிறீர்களே, அதற்காக மகிழ்கிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். இன்றைய நிலையில் அவருக்கு நீங்கள் தரவேண்டிய உண்மையான பதில் ‘பார்க்க முடியும்’ என்பதுதான். நீங்கள் திட்டமிட்டிருக்கும் மாற்றத்தைச் செய்து முடித்த பிறகும், அவர் அதிகம் கவலைப்படுகிற ‘முடிவு’ என்ற புலத்தைப் பொறுத்தவரை அந்தப் பதில் மாறாது. முதலாவது பலருக்குத் தெரிந்ததுதான். இரண்டாவதை அறிந்தவர்கள் குறைவு.

முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கிளவுட் நிறுவனத்தின் திரையில் ஆன் செய்கிற மறையாக்கம் வட்டுக்கானது. வட்டு திருட்டுப் போனாலோ, பேக்கப் கோப்பு மட்டும் யார் கையிலாவது சிக்கினாலோ காப்பாற்றும். ஆனால் ஒரு கேள்விக்கு விடை தேடும்போது தரவுத்தளம் வட்டிலிருந்து பக்கங்களை எடுத்து, அவிழ்த்து, நினைவகத்தில் வெளிப்படையாக வைத்துக்கொண்டுதான் தேடுகிறது. உள்ளே லாகின் கிடைத்துவிட்டவருக்கு அப்படியொரு மறையாக்கம் இருப்பதே தெரியாது. அதை அணைக்க வேண்டாம், இருக்கட்டும். அவர் கேட்ட கேள்விக்கு அது விடை இல்லை, அவ்வளவுதான்.

இனி உங்கள் திட்டம். ஒரு சோதனை செய்து பாருங்கள். முடிவுப் புலத்தை நீங்கள் சொன்ன முறையிலேயே மறையாக்கி, பாசிடிவ், நெகடிவ் என்று மட்டுமே முடிவு வரும் ஒரு பரிசோதனையின் 10,000 பதிவுகளை ஒரு தனி அட்டவணையில் போடுங்கள். பிறகு அவிழ்க்கும் சாவி இல்லாத ஆளாக உட்கார்ந்து, அந்தப் புலத்தில் எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் ஒரு குவெரியை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு கேள்வியை, ஓட்டுங்கள். திரையில் இரண்டே வரிகள் வரும். உதாரணத்துக்கு, பொருளற்ற எழுத்துகளாலான ஒரு சரம் 9,700 முறை. அதேபோல இன்னொரு சரம் 300 முறை. இதில் எது நெகடிவ், எது பாசிடிவ் என்று சொல்லச் சாவி தேவையா? 300 பேர் யார் யார் என்பதும் கூடவே வெளியே வந்துவிட்டது. மறையாக்கத்துக்குப் பரவலாகப் பயன்படும் ஏஇஎஸ் முறையை யாரும் உடைக்கவில்லை. உடைக்கவேண்டிய தேவையே வரவில்லை.

இது பழைய வித்தை. எழுத்துகள் எத்தனை முறை திரும்ப வருகின்றன என்று எண்ணியே மறைமொழியைப் படித்துவிடலாம் என்று 9ஆம் நூற்றாண்டிலேயே அல்-கிந்தி எழுதிவைத்தார். தரவுத்தளங்களில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2015இல் முகமது நவீத், சேனி கமாரா, சார்ல்ஸ் ரைட் ஆகிய மூவரும் காட்டினார்கள். அமெரிக்க மருத்துவமனைகளின் உண்மையான நோயாளித் தரவை எடுத்து, நீங்கள் சொல்லும் இதே இரண்டு முறைகளில் மறையாக்கி, வெளியில் கிடைக்கும் பொதுப் புள்ளிவிவரங்களோடு ஒப்பிட்டார்கள். வரிசை மாறாத முறையில் மறையாக்கிய வயது, நோயின் தீவிரம் போன்ற விவரங்கள், 95% மருத்துவமனைகளில் 80%க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. ஒரே மதிப்புக்கு ஒரே மறைவடிவம் என்ற முறையில் மறையாக்கிய பாலினம், இனம், இறப்பு அபாயம் போன்றவையும் பாதிக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் 60%க்கும் மேற்பட்டவர்களுக்கு வெளியே வந்தன.

வயது எப்படி அவ்வளவு எளிதில் கசிகிறது என்று தோன்றலாம். உங்களிடம் இரண்டரை லட்சம் நோயாளிகள். பச்சைக் குழந்தை முதல் 90ஐத் தாண்டியவர்வரை ஏறக்குறைய எல்லா வயதினரும் அதில் இருப்பார்கள். வெவ்வேறான மறைவடிவங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் முதலாவது 0, அடுத்தது 1, அதற்கடுத்தது 2. வரிசை மாறவில்லை அல்லவா? அப்படியென்றால் அடுக்கியதுமே வேலை முடிந்தது. தயவுசெய்து அந்த முறையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். 2011இல் எம்ஐடியில் உருவான கிரிப்ட்டிடிபி என்ற அமைப்பு இப்படிப்பட்ட மறையாக்கங்களை அடுக்கடுக்காகப் போட்டு, மறைத்த தரவின்மேலேயே எஸ்க்யூஎல் என்ற குவெரி மொழி ஓடும் என்று நிரூபித்தபோது துறையே உற்சாகமடைந்தது. அந்த ஆய்வின்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் இந்த வகை மறையாக்கத்தை நோயாளித் தரவில் அப்படியே பயன்படுத்துவதற்கு 2015க்குப் பிறகு சமாதானம் சொல்லவே முடியாது.

இதுவரை சொன்னது சேமித்துவைத்த தரவைப் பற்றி. நீங்கள் அனுப்பும் குவெரி இன்னொரு வழி, அதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் அமைப்பைப் பரிசோதிக்கப் போயிருந்தேன். புலங்களை நன்றாகவே மறையாக்கியிருந்தார்கள். ஆனால் அவிழ்க்கும் வேலையைத் தரவுத்தளத்தின் உள்ளே இருக்கும் செயற்கூற்றிடம் (ஃபங்ஷனிடம்) விட்டிருந்தார்கள். அதற்காக ஒவ்வொரு குவெரியிலும் சாவியைச் சேர்த்து அனுப்பினார்கள். மெதுவாக ஓடும் குவெரிகளைப் பதிந்துவைக்கும் லாகைத் திறந்தேன். நான்கு நொடி எடுத்துக்கொண்ட ஒரு குவெரி முழுதாக அங்கே இருந்தது. நிபந்தனையில் ஒருவரின் தொலைபேசி எண். அதற்குச் சற்று முன்னால், மேற்கோள் குறிகளுக்குள், சாவி. அந்த லாக் மூன்றாவதாக ஒரு கண்காணிப்புச் சேவைக்கும் தினமும் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்த நிமிடம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதை வடிவமைத்த இளைஞர் கவனக்குறைவானவர் இல்லை, கெட்டிக்காரர். ‘மறையாக்கம் எங்கே நடக்கிறது’ என்ற ஒன்றை மட்டும் அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

2017இல் பால் கிரப்ஸ், தாமஸ் ரிஸ்டன்பார்ட், விட்டாலி ஷ்மாட்டிக்கோவ் மூவரும் இதை முறையாகவே எழுதினார்கள். திருடன் ஒரு முறை வந்து தரவின் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு போவான் என்று கணக்குப் போடாதீர்கள் என்பது அவர்கள் வாதம். உண்மையான தரவுத்தளத்தில் லாக், நினைவகத் தேக்கம், செயல்திறன் அட்டவணைகள் என்று எங்கு பார்த்தாலும் பழைய குவெரிகளின் தடயம் கிடக்கும். எனவே நகல் எடுத்தவனுக்கும் குவெரிகள் சேர்ந்தே கிடைக்கின்றன.

குவெரியில் மதிப்பு தெரியாவிட்டாலும் அதன் நடமாட்டம் தெரியும். ஒரு தேடலுக்கு எந்தப் பதிவுகள் திரும்பின, எத்தனை திரும்பின, எந்தத் தேடல் திரும்பத்திரும்ப வருகிறது என்பதெல்லாம் சர்வரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். ‘30 முதல் 40 வயதுவரை’ என்பதுபோல எல்லை வைத்துத் தேடும் குவெரிகள் போதுமான அளவு சீராகக் குவிந்தால், திரும்பும் பதிவுகளின் எண்ணிக்கையை வைத்தே மதிப்புகளைத் திரும்பக் கட்டிவிடலாம் என்று 2016இல் கெல்லாரிஸ் குழுவினர் கணிதமாகவே காட்டினார்கள். உங்கள் அன்றாடத்தில் அவ்வளவு சீரான குவெரிகள் வராது என்பது உண்மைதான். இருந்தாலும், சர்வரை வயது வாரியாகத் தேடச் சொல்லாமலே வேலையை முடிக்க முடிந்தால் அதுவே நல்லது.

இன்னொன்று, உங்கள் துறைக்கே உரியது. நீளம். பல கூடங்களில் முடிவை ‘டிடெக்டெட்’, ‘நாட் டிடெக்டெட்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள். முதலாவதற்கு 8 பைட், இரண்டாவதற்கு இடைவெளியோடு 12 பைட். ஏஇஎஸ்ஸின் ஒரு வகையான ஏஇஎஸ்-ஜிசிஎம் போன்ற நல்ல முறையில், ஒவ்வொரு பதிவுக்கும் புதிய மறைவடிவம் வரும்படி செய்தாலும் நீளம் அப்படியே வெளியில் தெரியும். முடிவைப் படிக்க ஒரு அளவுகோல் போதும். மறையாக்குவதற்கு முன் எல்லா முடிவுகளையும் ஒரே நீளத்துக்கு நிரப்பிவிடுங்கள். 64 பைட்டோ 256 பைட்டோ, எது உங்கள் மிக நீளமான முடிவைத் தாங்குமோ அது. பக்கத்துப் புலங்களையும் பாருங்கள். முடிவை மறைத்துவிட்டு, ‘அடுத்துச் செய்யவேண்டிய பரிசோதனை’ என்ற புலத்தை வெளிப்படையாக விட்டிருந்தால், உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு யாரெல்லாம் அனுப்பப்பட்டார்கள் என்பதே முதல் முடிவைச் சொல்லிவிடும்.

அப்படியானால் என்னதான் செய்வது? ஒவ்வொரு புலத்தையும் தனியாக எடுத்து, ‘இதை வைத்துத் தேடு என்று சர்வரிடம் உண்மையிலேயே சொல்கிறோமா?’ என்று கேளுங்கள். உங்கள் குழு மூன்று பேரும் ஒரு மாலை உட்கார்ந்து, ஒரு மாதத்துக் குவெரிகளைப் பார்த்தால் போதும். நான் பார்த்த அமைப்புகளில் தேடலுக்கு உண்மையாகப் பயன்பட்ட புலங்கள் நினைத்ததைவிட மிகக் குறைவாகவே இருந்தன.

முடிவுப் புலத்தை வைத்து யாரும் அன்றாடம் தேடுவதில்லை. மாத அறிக்கைக்குத்தான் அது வேண்டும். எனவே அதற்கு ஒவ்வொரு முறையும் மாறும் மறையாக்கம், மேலே சொன்ன நிரப்பல், கூடவே ஒரு பிணைப்பு. பிணைப்பு என்று நான் சொல்வது இது: மறையாக்கும்போது நோயாளியின் பதிவு எண்ணையும் புலத்தின் பெயரையும் துணைத் தரவாகச் சேர்த்துக் கொடுக்க ஏஇஎஸ்-ஜிசிஎம் இடம் தருகிறது. அது இல்லாவிட்டால், தரவுத்தளத்தில் எழுதும் உரிமை உள்ள ஒருவர் ஒரு நோயாளியின் மறைவடிவத்தை எடுத்து இன்னொருவரின் பதிவில் ஒட்டிவிடலாம். படிக்கத் தெரியாமலே முடிவை மாற்றிவிட்டார்! சாவி சரியாக இருப்பதால் உங்கள் நிரலும் சந்தேகப்படாமல் அவிழ்த்துக் காட்டும். பிணைத்துவிட்டால் அவிழ்க்கும்போதே பிழை வரும். மருத்துவத் தரவில் ரகசியத்துக்குச் சற்றும் குறையாத விஷயம் இது. ஆனால் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

மாத அறிக்கையை உங்கள் நிரலே தயாரிக்கட்டும். பதிவுகளை இறக்கி, அவிழ்த்து, எண்ணி, எண்ணிக்கையை மட்டும் சேமிக்கட்டும். இன்றைய செயலிகளில் ஏஇஎஸ்ஸுக்கென்றே வன்பொருள் கட்டளைகள் இருக்கின்றன. ஒரு லட்சம் சிறிய பதிவுகளை அவிழ்ப்பது நொடிக்கணக்கில் முடிகிற வேலை. இரவில் ஓடவிட்டால் யாருக்கும் தெரியவும் தெரியாது. பிறந்த தேதிக்கும் இதே வழிதான்.

தொலைபேசி எண்ணை வைத்துத் தேடித்தான் ஆகவேண்டும். அதற்கு, மறையாக்கிய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தேடல் குறியீட்டைச் சேமியுங்கள். வெறும் ஹேஷ், அதாவது சாவியே இல்லாமல் எண்ணை ஒரு நிலையான சரமாக மாற்றும் முறை, வேண்டவே வேண்டாம். 10 இலக்க எண் என்றால் மொத்தமே ஆயிரம் கோடி சாத்தியங்கள். ஒரு சாதாரண ஜிபியு (கிராஃபிக்ஸ் செயலி) அத்தனையையும் சில நிமிடங்களில் ஹேஷ் செய்து ஒப்பிட்டுவிடும். ரகசியச் சாவியோடு சேர்த்து ஹேஷ் செய்யும் ஹெச்மேக் முறையைப் பயன்படுத்துங்கள். அந்தச் சாவி மறையாக்கச் சாவியாக இருக்கக்கூடாது, ஒவ்வொரு கூடத்துக்கும் வேறாகவும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டு கூடங்களுக்குப் போனது தெரிந்துவிடும்.

இன்னும் ஒரு படி போகலாம். ஹெச்மேக்கை முழுதாக வைக்காமல் முதல் சில பிட்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூடத்தில் இரண்டரை லட்சம் பேர் இருந்தால், 14 பிட் வைக்கும்போது 16,384 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 15 நோயாளிகள் வருவார்கள். கூடம் சிறியதென்றால் பிட்டுகளை அதற்கேற்பக் குறையுங்கள். தேடும்போது அந்த 15 பதிவுகளையும் இறக்கி, அவிழ்த்து, சரியானதை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவது உங்கள் நிரலின் பொறுப்பு. சர்வரைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த 15 பேரில் யாரைத் தேடினீர்கள் என்பது தெரியாது. அமேசானின் தரவுத்தள மறையாக்க நூலகம் இதே உத்தியை ‘பீக்கன்’ என்ற பெயரில் தருகிறது. அப்புறம், இந்தச் சிறிய குறியீட்டை முடிவுப் புலத்துக்கோ பாலினத்துக்கோ போட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று மதிப்புகள் மட்டுமே உள்ள புலத்தில் எத்தனை பிட் வெட்டினாலும் எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும்.

பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் பட்டியல் வரவேண்டும் என்று கூடங்களில் கேட்பார்கள். துண்டுதுண்டாக இன்டெக்ஸ் செய்யும் வழிகள் உண்டு; நான் பரிந்துரைக்க மாட்டேன், கசிவு மிக அதிகம். அன்று வந்த நோயாளிகளின் பதிவுகளை மட்டும் நிரலுக்கு இறக்கி, பெயர்த் தேடலை அங்கேயே செய்யுங்கள். பழைய நோயாளிக்குத் தொலைபேசி எண்ணோ பதிவு எண்ணோ கேட்கச் சொல்லுங்கள். இதை முன்கூட்டியே பயனர்களிடம் பேசிவிடுவது நல்லது.

இவற்றையெல்லாம் நீங்களே எழுத வேண்டுமா என்றால், மறையாக்க நிரலை நீங்களே எழுதவே கூடாது. கூகுளின் டிங்க், லிப்சோடியம் போன்ற மறையாக்க நூலகங்கள் இருக்கின்றன. தரவுத்தளத்தையே மாற்றத் தயார் என்றால் மாங்கோடிபி என்ற தரவுத்தளத்தில் 2023இல் வந்த குவெரியபிள் என்கிரிப்ஷனைப் பாருங்கள். மாறும் மறையாக்கத்தின்மேல் சமத் தேடல் (இதே மதிப்பு எங்கே என்ற தேடல்) தருகிறது, 2024இன் 8.0 பதிப்பில் எல்லைத் தேடலும் சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரில் ‘ஆல்வேஸ் என்கிரிப்டெட்’ 2016 முதல் உண்டு, ஆனால் அதில் மாறாத வகை, மாறும் வகை என்று இரண்டு தேர்வுகள் வரும். முதலாவதைத் தேர்ந்தால் மேலே சொன்ன 9,700க்கு 300 கதைதான். சர்வரின் நினைவகத்துக்குள் தனி அறைபோலப் பிரித்துவைத்த பகுதியில் அவிழ்த்துத் தேடும் வசதியும் 2019 பதிப்பில் வந்தது. அது நல்ல கூடுதல் அரண், ஆனால் அப்போது அந்த அறையைப் பிரித்துக் காக்கும் வன்பொருளையும் மென்பொருளையும் நம்பவேண்டும். 2018இல் ஃபோர்ஷேடோ என்ற தாக்குதல் இன்டெல் செயலிகளில் இதேபோலப் பிரித்துவைத்த எஸ்ஜிஎக்ஸ் அறைகளுக்குள்ளிருந்தே ரகசியங்களை எடுத்துக்காட்டியது. மறைத்தபடியே எல்லாக் கணக்கும் போடும் முழு ஹோமோமார்ஃபிக் மறையாக்கம், நடமாட்டத்தையே மறைக்கும் ஓரேம் இரண்டும் அருமையான கோட்பாடுகள். மூன்று பேர் குழுவின் அன்றாடத் தரவுத்தளத்துக்கு இன்று அவை பொருந்தாது.

சாவியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். உங்கள் நிரலும் தரவுத்தளமும் சாவிப் பெட்டகமும் ஒரே கிளவுட் நிறுவனத்தில், ஒரே கணக்கில் இருந்தால், அந்தக் கணக்கின் தலைமை லாகின் போனவுடன் எல்லாம் போய்விடும். குறைந்தபட்சம் சாவிப் பெட்டகத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். தரவுத்தளத்தை நிர்வகிப்பவருக்கு அங்கே உரிமை இருக்கக்கூடாது. விருப்பமுள்ள கூடங்கள் தங்கள் சாவியைத் தாங்களே வைத்துக்கொள்ள வழி செய்யுங்கள். சாவி தொலைந்தால் தரவும் தொலைந்தது என்பதை அவர்களுக்கு முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். மாற்றத்தை முடித்த பிறகு பழைய பேக்கப்புகள், சோதனைக்காக எடுத்த நகல்கள், பிழை அறிக்கைச் சேவைக்குப் போன தகவல்கள், பழைய லாக்குகள் எல்லாவற்றையும் தேடி அழியுங்கள். புதிய அட்டவணையை இவ்வளவு பாடுபட்டு மறைத்துவிட்டு, ஆறு மாதத்துக்கு முந்தைய பேக்கப்பை வெளிப்படையாக விட்டுவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாடிக்கையாளருக்கு இன்றே ஒரு கடிதம் அனுப்புங்கள், வேலை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "தற்போது எங்கள் தரவு வட்டில் மறையாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தரவுத்தளத்துக்குள் நுழையும் உரிமை பெற்றவரால் முடிவுகளைப் படிக்க முடியும். இதை மாற்றும் பணியைத் தொடங்கியிருக்கிறோம். அது முடிந்த பிறகு, தரவுத்தளமோ அதன் பேக்கப்போ கசிந்தாலும் நோயாளியின் பெயர், எண், பிறந்த தேதி, பரிசோதனை முடிவு ஆகியவற்றைச் சாவியின்றிப் படிக்க முடியாது. எத்தனை பதிவுகள் உள்ளன, எப்போது தேடப்படுகின்றன என்பது தெரியவரும். எங்கள் நிரல் கிளவுட் நிறுவனத்தின் சர்வரில்தான் ஓடுகிறது. ஓடும்போது அதன் நினைவகத்தில் தரவு அவிழ்ந்த நிலையில் இருக்கும். அந்த நிறுவனத்தையே நம்ப விருப்பமில்லை என்றால், சாவியை நீங்கள் வைத்துக்கொண்டு, உங்கள் கூடத்தின் கணினியிலேயே அவிழ்க்கும் வழியைத் தனியாகப் பேசலாம்."

அவர் ‘பரிசோதனையின் பெயரும் மறைவாக இருக்குமா?’ என்று திருப்பிக் கேட்கக்கூடும். கடிதத்தில் நான் அதைச் சேர்க்காததற்குக் காரணம், அந்தப் புலத்தை வைத்து நீங்கள் எப்படித் தேடுகிறீர்கள் என்று எழுதவில்லை. சில பரிசோதனைகளின் பெயரே முடிவுக்குச் சமம். அன்றாட வேலைப்பட்டியலை எப்படித் தயாரிக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்து அந்தப் புலத்தைப் பற்றிச் சொல்கிறேன்.